இடுபணிக்கும் பாயிரம் வேண்டும்

நூல் எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரத்திற்கு அவர் வகுத்துள்ளார். இந்நூற்பாவை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், மாணவர்க்கு அளிக்கும் இடுபணிகளில் அதனைக் கடைப்பிடிக்கின்றோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மலேசியத் தகுதி முகமை 2007இல் அமைந்த பின்னர், பாடத்திட்டத்தில் கற்றல் பேறுகளைக் குறிப்பிடுவது இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்ற நடைமுறையாகிவிட்டது. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்னும் கணக்கின்படி, மூன்று கிரெடிட் பாடத்திற்கு மாணவர் 120 மணி நேரம் உழைத்தல் வேண்டும். அவ்வுழைப்பில் கணிசமான பகுதியைக் கோரும் இடுபணியோ பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றது.

"சிலப்பதிகாரத்தில் ஊழ் பெறும் இடத்தை ஆராய்க" என நாமே ஒரு பருவத்தில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் பெரும்பாலானவை கதைச் சுருக்கங்களே. "ஆய்வு இல்லை" எனக் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், பிழை வினாவிலேயே இருந்தமை புலனாயிற்று. 'விளக்குக', 'ஆராய்க', 'மதிப்பிடுக' ஆகியவை தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை நாம் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை. இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாய்மொழியில் பயின்று வந்தோர், குறிப்பாகக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுவோர், இவ்வெழுதாச் சட்டத்தை எவரிடம் கேட்டறிவர்?

அடுத்த பருவத்தில் வினாவை மாற்றினோம்: "கோவலன் கொலைக்கு ஊழ் காரணமா, பாண்டியன் ஆராயாது ஆணையிட்டமை காரணமா? கொலைக்களக் காதை, வழக்குரை காதை ஆகிய இரண்டிலிருந்தும் சான்று காட்டி, மாற்றுக் கருத்துக்கு மறுப்பும் கூறி, 1,500 சொற்களில் உம் முடிபை நிறுவுக." சான்றுக்கும் மறுப்புக்கும் நடைக்கும் உரிய மதிப்பெண்களையும் உடன் அளித்தோம். நுதலிய பொருளும் எல்லையும் தெளிவாயின. கதையை மட்டும் சொல்லி முடித்தல் போதாது என்பதும் மாணவர்க்கு எழுதத் தொடங்கும் முன்னரே விளங்கிற்று.

இவ்வளவு விளக்கினால் மாணவர் தாமாகச் சிந்திக்கமாட்டார் என்பாரும் உளர். வினாவைத் தெளிவாக்குதல் வேறு, விடையைத் தருதல் வேறு. மேற்கண்ட வினாவிற்கு எம்முடிபை மேற்கொள்வது என்பது இன்னும் மாணவர் பொறுப்பே. நாம் கூறாது விட்டதற்கு அவர்தம் மதிப்பெண்ணைக் குறைத்தல் முறையன்று. ஆகவே, ஒவ்வோர் இடுபணிக்கும் பொருள், எல்லை, பயன், மதிப்பிடும் முறை ஆகியவற்றைக் கூறும் நான்கு வரிப் பாயிரமேனும் எழுதுதல் ஆசிரியர் கடனாகும்.