லா மெத்ரியாரின் ‘பொறி மனிதன்’: ஓர் ஆராய்ச்சி

அண்மையில் ஒரு சைவ சபையிலே நிகழ்ந்ததொன்று இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிற்று. சொற்பொழிவாற்றிய அன்பர் ஒருவர், “பொறி பேசுமோ? பொறி பாட்டு யாக்குமோ? யாக்காதாகலின், மனிதனிடத்து உயிரென ஒரு பொருள் உண்டு” என்று முழங்கினார். பின்வரிசையிலிருந்த மாணாக்கர் ஒருவர் எழுந்து, தம் கையிலிருந்த கருவியினிடம் வெண்பா ஒன்று வேண்டினார். அஃது உடனே நான்கடி தந்தது. இரண்டிடத்துத் தளை தட்டிற்று. ஆயினும் அவையோர் நகைத்தனர், அன்பர் வாளா இருந்தார். தளைப்பிழையைக் காட்டி வென்றுவிடலாமென எனக்கும் ஒருகணம் தோன்றியதுண்டு. நாளை அப்பிழையும் நீங்கின் யாது செய்வது? உயிருண்மையைப் பொறியின் குறைபாட்டின்மேல் நிறுத்துதல், ஆற்றுமணலிற் கட்டிய மதிலை ஒக்கும்.

பொறிமுறை விளக்கம் என்பது யாதென முன்னர்த் தெளிதல் வேண்டும். நீராவிப் பொறியின் வேகத்தை ஒருநிலைப்படுத்த ஜேம்ஸ் வாட் என்பார் 1788-இல் அமைத்த கருவியை நோக்குக. சுழலுந் தண்டில் இரு குண்டுகள் தொங்கும். வேகம் மிகின் அவை விரிந்து மேலெழும்; எழுங்கால் நெம்புகோல் ஆவி புகும் வழியைக் குறுக்கும்; வேகந் தணியும். தணியின் குண்டுகள் தாழும், வழி விரியும். அறியாதான் இதனைக் கண்டு, ‘இப்பொறி தன் வேகத்தைக் காக்க விரும்புகிறது’ என்பான். விருப்பம் யாண்டும் இல்லை. குண்டும் கோலும் அவற்றின் இயைபுமே உள. மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1868-இல் இவ்வகைக் கருவிகளின் இயக்கத்தைக் கணக்கிட்டும் காட்டினார். இங்ஙனம் உறுப்பும் அமைப்பும் அசைவுங் கூறிப் பொய்யான விருப்பத்தை விலக்குவது மெய்யறிவேயாம். அதனை இகழ்தல் சித்தாந்திக்கு அழகன்று.

இம்முறையை மனிதன்மேல் முழுதுஞ் செலுத்தியவர் பிரெஞ்சு மருத்துவராகிய லா மெத்ரியார் (1709–1751). 1744-இல் பிரைபர்க் முற்றுகையின்போது அவரைக் கடுஞ்சுரம் பற்றியது. உடல் நைய மனமும் உடன் நைவதைத் தம்மிடத்தே கண்டார். ‘பொறி மனிதன்’ என்னும் அவர்தம் நூல் 1747-ஆம் ஆண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எழுந்த சினத்துக்கு அஞ்சி அவர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கிடம் அடைக்கலம் புகுந்தார். அந்நூலின் வாதம் சுருங்கக் கூறின் இது: அபினி உண்டான் மனம் மயங்கும், காப்பி பருகினான் மனம் விழிக்கும், பசித்தவன் கொடியனாவான், உடலினின்று அறுத்தெடுத்த தசையும் குத்தினால் துடிக்கும், ஆகலின் உடம்பு தானே தன்னை முறுக்கிக்கொள்ளும் கடிகாரம், உயிரென வேறில்லை. பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்புங் கூடியவழிச் செந்நிறம் பிறத்தல்போல அறிவு பிறக்கும் என்ற நம் நாட்டு உலகாயதர்க்கு இவர் தூரதேசத்து உறவினர். ஆயினும் உலகாயதர் உவமை கூறி அமைந்தனர். இவரோ உடற்கூறு காட்டினார். அவ்வளவில் இவர் மேம்பட்டவரே.

வோக்கான்சன் என்னும் பொறிவலாளர் 1739-இல் பாரிசிற் காட்டிய வாத்தினை இவர் பெரிதும் மதித்தார். குழலூதும் பாவைக்கு அவ்வாத்தினும் மிக்க திறம் வேண்டுமாயின், பேசும் பாவைக்கு அதனினும் மிக்க திறம் வேண்டும், அவ்வளவே. அஃது இனி இயலாததன்று என்றார். இவ்வொன்றில் அவர் கண்டது பொய்க்கவில்லை. சபையிற் பாடிய கருவியே கரி. ஆயின் அவ்வாத்தின் கதையோ வேறு. அது தானியத்தைக் கொத்தி விழுங்கிச் செரித்துக் கழிப்பதாகக் கண்டோர் வியந்தனர். பின்னர்ச் சோதித்தோர், விழுங்கியது ஓரறையில் தங்க, முன்னரே இட்டுவைத்த பிறிதொன்று வெளிப்படுமாறு அமைந்திருத்தலைக் கண்டனர். செயல் ஒத்தமையால் உள்ளமைப்பும் ஒத்ததெனத் துணிதல் எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் நகைக்கத்தக்க சான்று வேண்டுவதின்று.

தெக்கார்த்து என்பார் 1637-இல், விலங்குகள் பொறிகளே. மனிதனைப் பொறியினின்றும் பிரிப்பன இடத்துக்கேற்பப் பேசுதலும் எவ்விடத்தும் பயன்படும் பகுத்தறிவும் என வரைந்தார். எண்ணுதல் அனைத்தையும் உயிரின் பக்கம் வைத்தமையின், எண்ணம்போலும் ஒன்றைப் பொறி செய்யுந்தோறும் அவர்தம் எல்லை சுருங்கும். நம் சபை அன்பர் நின்றதும், தம்மையறியாமலே, தெக்கார்த்தின் பக்கமேயன்றி மெய்கண்டார் பக்கமன்று. மெய்கண்டதேவர் மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பை இயந்திரம் என்றே ஓதினார். நான்காஞ் சூத்திரத்தில் உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என விலக்கினார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயையின் காரியம், சடம். பற்றுவதும் துணிவதும் ஆகிய தொழிலெல்லாம் கருவியின்பாற்பட்டனவெனின், அபினியும் காப்பியும் அவற்றைத் திரித்தலில் வியப்பென்னை? லா மெத்ரியார் மலையெனக் குவித்த சான்றுகள் தெக்கார்த்தை வருத்துமன்றி நம்மைத் தீண்டா. அவர் வேண்டியதினும் மிகுதியாக நாம் முன்னரே கொடுத்துவிட்டோம்.

அற்றேல், கருவிக்கு வேறாய் நிற்பது எதற்கு எனின், உறக்கத்தை நோக்குக. உடலும் உயிரும் உடன் உறங்குகின்றன, ஆகலின் இரண்டும் ஒன்றே என்பர் லா மெத்ரியார். சித்தாந்தியும் அவ்வுறக்கத்தையே எடுத்துக்கொள்வான். ஆயின் முடிபு வேறு. கண்படுங்கால் மூச்சு இயங்குகிறது, நெஞ்சு துடிக்கிறது, உணவு செரிக்கிறது. கடிகாரம் ஓடுகிறது, மணி பார்ப்பாரில்லை. ஆகலின் ஓடுதல் வேறு, அறிதல் வேறு. மூளை அப்போது ஓய்ந்தது எனின், அதுவும் இன்று செல்லாது. மூளையின் மின்னலைகளைப் பற்றி பெர்கர் என்பார் 1929-இல் வெளியிட்டபின், கனவற்ற உறக்கத்தும் மூளை தொழிலொழிவதில்லை என்பது கருவியாற் கண்ட செய்தி. தொழில் உண்டு, அதன் ஒழுங்கு மாறியது என்பரேல், அவ்வொழுங்கு இன்னதெனக் காட்டுவாராக, நன்றியோடு கற்போம். அவ்வொழுங்கு உள்ளவழி அறிவான் ஒருவன் உளனாதல் எற்றுக்கு என்பதற்கோ விடை வந்திலது. ‘என் உடம்பு’ என்னும் வழக்கு ஒன்றையே பற்றி வாதிடும் நம்மவர் சிலர்க்கும் ஒரு சொல்: ‘என் உயிர்’ என்பதும் வழக்கே. சொல்வழக்கு வழிகாட்டும், தானே வழியாகாது.

மக்கட் கூட்டத்தைப் பொறியாக விளக்குவார்க்கு வேறோர் இடர்ப்பாடு உண்டு. 1948-இல் மெர்ட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் வங்கியொன்றை எடுத்துக்காட்டினார். செல்வநிலை குன்றாத வங்கி. அது வீழுமென ஒரு வதந்தி. கேட்டோர் அனைவரும் ஒருங்கே சென்று பணம் மீட்க, வங்கி மெய்யாகவே வீழ்ந்தது. நீராவிப் பொறியின் குண்டு தன்னைப்பற்றி எழுதிய நூலைப் படிப்பதில்லை. மனிதனோ படிக்கின்றான், படித்தபின் வேறு செய்கின்றான். நீதிபதியின் இருக்கையில் நல்ல மருத்துவரே அமர்தல் நன்று என லா மெத்ரியார் விரும்பினார். குற்றவாளியை நோயாளியாகக் கருதும் அவ்விரக்கம் போற்றத்தக்கது. ஆனால் இரங்குவான் யார் என்பதை அவர் நூல் எழுதிற்றிலது.

இவ்வளவும் அம்மாணாக்கரிடம் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, “ஐயா, அறிதல் செயலால் வெளிப்படாதாயின், இக்கருவியினுள் அறிவான் இலன் என்று தாங்கள் மட்டும் எங்ஙனம் துணிந்தீர்கள்?” என்றார். பிறர் உடம்பில் உயிருண்மையை நாம் நம்மோடொத்த பிறப்பும் உணவும் உறக்கமும் கண்டு அநுமிக்கிறோம், அவ்வொப்பு ஈண்டில்லை என்றேன். வோக்கான்சனின் வாத்தையும் நினைப்பித்தேன். அவர் முழுதும் ஒப்பினார் அல்லர். மூன்றாஞ் சூத்திரத்தை உரையோடு பாடங்கேட்க வரும் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிச் சென்றார்.