நெடும்புதினமும் வாசகச் சுவையும்: இரு மிகுபுனைவுத் தொடர்களை முன்வைத்து

மிகுபுனைவு நெடும்புதினங்களை வாசகர் பாதியில் கைவிடுவதற்கு அவற்றின் நீளமே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கருத்து மறுஆய்வுக்குரியது. ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ (1990–2013) 14 முதன்மைத் தொகுதிகளை உடையது. ஸ்டீவன் எரிக்சனின் ‘மலாசன் புக் ஆஃப் தி ஃபாலன்’ (1999–2011) 10 தொகுதிகளால் ஆனது. இரண்டும் பல்லாயிரம் பக்கங்கள் கொண்டவை. எனினும் அவை வாசகரை இழக்கும் இடங்கள் வேறு.

எரிக்சன் தொல்லியலும் மானிடவியலும் பயின்றவர். அகழாய்வுக் குழியில் கிடைக்கும் ஓடுகளைப் போல, முதல் நூலான ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ தன் உலகைத் துண்டுதுண்டாகவே தருகிறது. விளக்கம் பின்னரே வரும், சிலவற்றிற்கு வருவதேயில்லை. இங்கு விலகும் வாசகர் செய்திக்குறையால் விலகுகிறார். ஜோர்டானிடம் நிலை நேர்மாறானது. 10ஆம் நூலான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’ (2003), முந்தைய நூலின் இறுதி நிகழ்வு நடந்த அதே வேளையில் பிறர் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதையே பெரிதும் விரிக்கிறது. அங்கு விலகுபவர் செய்திமிகையால் விலகுகிறார். ஆகவே ஒருவரே முன்னதை விரும்பிப் பின்னதை வெறுத்தல் முரணன்று.

காலமும் சுவையை மாற்றுகிறது. 2003இல் அந்நூலை வாங்கியவர், ஈராண்டுக்கு மேல் காத்திருந்து கதை நகராமையைக் கண்டவர். 2007இல் ஜோர்டான் மறைந்து, பிராண்டன் சாண்டர்சன் தொடரை நிறைவுசெய்த பின் படிப்பவர்க்கோ அஃது ஓரிரு வாரத் தொய்வே. முன்னவரின் சினத்தைப் பொறுமையின்மை என்பதும், பின்னவரின் நிறைவை மயக்கம் என்பதும் (இவ்வகை நூல்களைப் பற்றிய பேச்சில் இரண்டும் மலிவு) பொருந்தா. எரிக்சன் 10 நூல்களையும் 12 ஆண்டுகளுக்குள் முடித்தமையால் அவருடைய வாசகர்க்கு இத்தகைய காத்திருப்பு குறைவு. அவர்களது கருத்துவேறுபாடு பெரிதும் முதல் நூலின் வாயிலிலேயே நிகழ்கிறது.