வளையல் போக மிஞ்சியது

சங்கைக் காதில் வைத்தால் கடல் கேட்கிறது என்று நானும் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். எழுதாதவர்கள் குறைவு. பால்யம், கடற்கரை, கூட வந்த யாரோ, கடைசி வரியில் அலையோசை. இப்போது அப்படி ஒன்றை வாசித்தால் "சரி, அப்புறம்?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. காதில் விழுவது கடலே இல்லை, சுற்றியிருக்கும் சத்தம்தான் சங்கின் குழிவுக்குள் அதிர்ந்து திரும்புகிறது. அது பிரச்சினையில்லை, கவிதை பொய் சொல்லலாம். ஆனால் இந்தக் கவிதைகளில் சங்கு என்கிற பொருளே இருப்பதில்லை. அதை எடுத்துவிட்டு ஒரு பழைய போட்டோவை வைத்தாலும் கவிதை அப்படியே நிற்கும்.

இது எனக்கு உறைத்தது அகநானூறு 24ஆம் பாட்டை வாசித்தபோது. ஆவூர் மூலங்கிழார் பாடியது, முல்லைத் திணை. வேந்தனின் பாசறையில் தலைவன் இருக்கிறான். மழையும் குளிருமான காலம். மனசு தலைவியிடம் போகிறது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் பாட்டு அவளிடமிருந்து தொடங்குவதில்லை. வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கை அறுக்கிறான். வளையல்களை எடுத்தபிறகு சங்கின் நுனி மட்டும் மிஞ்சுகிறது. விரியாத பகன்றை அரும்பு அந்த நுனியைப் போலிருக்கிறதாம்.

முதல் தடவை எனக்கு ஆச்சரியம். பட்டறையில் மிஞ்சிய துண்டைப் போயா பூவுக்கு உவமை சொல்வது? ஆனால் யோசித்தால் வடிவம் கச்சிதம். இரண்டுமே முறுக்கிச் சுருண்டவை, வெள்ளையானவை.

அதோடு நிற்கவில்லை. அகப்பாடல்களில் பிரிவு என்றாலே வளை நெகிழும். அவள் மெலிகிறாள், வளை கழல்கிறது. அந்த வளை பெரும்பாலும் சங்கை அறுத்துச் செய்ததுதான். கீழடி அகழாய்விலும் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வளை என்ற சொல்லுக்கே சங்கு, வளையல் என்று இரண்டு பொருளும் உண்டு. இந்தப் பாட்டிலோ அவள் கை வளையைப் பற்றிய பேச்சில்லை. வளையல் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. பாசறையில் இருப்பவன் கண்முன் மிச்சமான நுனி மட்டும் நிற்கிறது, அதுவும் ஓர் அரும்பாக. பிரிவை இதைவிடக் குறைவான சொற்களில் எப்படிச் சொல்வது?

"நீயா இழுத்துப் பொருள் சொல்றே, அது வெறும் வடிவ ஒப்புமை" என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். பாட்டு எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என்னை இவ்வளவு தூரம் யோசிக்கவிட்டது அந்த உவமையின் துல்லியம்தான். யார் அறுத்தான், எதனால் அறுத்தான், என்ன மிஞ்சியது என்று மூன்றும் அதில் இருக்கின்றன. ஏக்கம் என்று தனியாகச் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. நாமோ ஏக்கத்தை முதலில் வைத்துக்கொண்டு, அதை மாட்ட ஒரு சங்கைத் தேடுகிறோம்.

அதன்பிறகு என் பழைய கவிதையைத் தேடி எடுத்தேன். பதினான்கு வரி. அந்தச் சங்கு என்ன நிறம், கைக்குள் அடங்குமா, நுனி உடைந்திருந்ததா, ஒன்றுமே அதில் இல்லை. இப்போது ஞாபகப்படுத்திப் பார்த்தாலும் வரவில்லை.