போர்க்காலமும் விளையாட்டு விளம்பரமும்

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பது திறனாய்வாளர் பலரும் எடுத்தாளும் கூற்று. அக்கூற்று தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் பொருந்துமா? சிறப்பாக, நாடு போரில் உழலும்பொழுது, விளையாட்டு ஒளிபரப்பின் இடையிடையே தோன்றும் விளம்பரங்கள் அந்நாட்டு மக்களின் மனநிலையைக் காட்டுகின்றனவா? இவ்வினாவை ஆராய இலங்கையினும் தக்க களம் அரிது. 1983 முதல் 2009 வரை போரில் துன்புற்ற இந்நாடு, அக்காலத்திலேயே கிறிக்கெற்றில் உலகப் புகழும் எய்தியது.

1996ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி குண்டுவெடிப்பால் சிதைந்தது. இரு வாரங்களில் உலகக் கிண்ணப் போட்டிகள் தொடங்கின. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. பெப்ரவரி 13இல் இந்திய, பாகிஸ்தானிய வீரர்கள் ஓரணியாய் வந்து கொழும்பில் ஆடித் துணைநின்றனர். மார்ச் 17இல் லாகூரில் இலங்கை அவுஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தைப் பெற்றது. அப்போட்டிகளின் விளம்பரங்களிற் பெரிதும் பேசப்பட்ட போர் யாதெனின், இரு குளிர்பானங்களின் போரேயாகும். கொக்கா கோலா போட்டியின் அதிகாரபூர்வப் பானம் என்னும் உரிமையைப் பெற, பெப்சி அவ்வுரிமையையே எள்ளி நகையாடியது. குண்டு வெடித்த நகரின் துயருக்கு அந்த நகையாட்டில் இடமிருக்கவில்லை.

எனினும், போரின் சாயல் விளையாட்டு விளம்பரத்தில் அறவே இல்லை எனல் தவறு. படை, களம், தாக்குதல், சரணடைதல் என்பன அதன் அன்றாடச் சொற்கள். தொல்காப்பியப் புறத்திணையை நினைவுகூரின் இதன் இயல்பு தெளிவாகும். எதிர்நின்று பொரும் தும்பையும், வெற்றி கூறும் வாகையும் விளம்பரத்துக்கு வேண்டும். நிலையாமை கூறும் காஞ்சி வேண்டாம். பண்டைத் தமிழரோ மூன்றனையும் ஒருங்கே வைத்தே போரை நோக்கினர். காஞ்சியை நீக்கிய போர்ப்பாட்டு வெறும் ஆரவாரமே.

காஞ்சிக்கு இடமளித்த விளம்பரங்களும் உள. 1991 ஜனவரியில், வளைகுடாப் போரின் நடுவே, அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டத்தில் கொக்கா கோலா தான் திட்டமிட்டிருந்த களியாட்ட விளம்பரத்தைக் கைவிட்டு, அமைதியான அறிவிப்பு ஒன்றினை வெளியிட்டது. 2002இல் அதே இறுதியாட்டத்தின்போது, பட்வைசர் நிறுவனத்தின் குதிரைகள் நியூயோர்க் நகரை நோக்கித் தலைவணங்கின.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? போர் கடலுக்கு அப்பால் நிகழுமாயின், பார்ப்போர் அனைவரும் ஒரே மனத்தினர் என வணிகன் துணிகின்றான். துயரையும் அவன் அச்சமின்றிக் காட்டலாம். போர் வீட்டினுள்ளே நிகழுமாயின், ஒருவர் துயரைச் சொல்வது மற்றொருவரை இழப்பதாகும். ஆதலின் வணிகன் வாய்மூடுகின்றான்.

தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ வேறு; அவரை விலக்கும் ‘நாங்கள்’ வேறு. வெற்றியைப் பாடும் விளம்பரம் ‘நாம்’ என்றே பேசும். கல்முனைக் கரையோரத்து ஊர்களிலும் வயல்சூழ்ந்த சவளக்கடையிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் அந்த ‘நாம்’ என்பதனுள் அடங்கினரா? முத்தையா முரளிதரன் பந்துவீசியபோது அடங்கியதாகவே பலர் உணர்ந்திருப்பர். ஆட்டம் முடிந்து, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபோது, அச்சொல் ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என இரண்டாகப் பிளந்தது.

அல்லலுற்ற மக்களுக்குச் சிறிது மறதியும் மருந்தன்றோ எனச் சிலர் வினவுவர். அது நியாயமான வினாவே. ஆயின் அம்மருந்தைத் தந்தது விளையாட்டு, விளம்பரம் அன்று. விளம்பரம் அந்த மறதியை விலைகூறியது. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

2007 ஏப்ரல் 28இல் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் பார்படோசில் உலகக் கிண்ண இறுதியாட்டம் ஆடின. அவ்விரவு விடுதலைப் புலிகளின் வானூர்திகள் கொழும்பை அண்டிய எரிபொருள் நிலையங்களைத் தாக்கின. நகரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஆட்டமும் விளம்பரமும் ஒருங்கே மறைந்தன. போர்க்கால மனநிலையைத் தொலைக்காட்சி ஒளிவுமறைவின்றிக் காட்டியது அந்த இருண்ட திரையிலேதான் எனலாம்.

ஆகவே, விளையாட்டு விளம்பரம் காலத்தின் கண்ணாடியன்று. விற்போன் விரும்பும் முகத்தை வரைந்த திரைச்சீலை. அதனை ஆராய்வோர் அது உரைத்தவற்றோடு உரையாது விட்டவற்றையும் கற்றல் வேண்டும். பிற்காலத்தார் அவ்விளம்பரங்களை மட்டுமே கண்டு இந்நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவாராயின், கால் நூற்றாண்டுக் காலம் இங்கே விழாவன்றி வேறொன்றும் நிகழவில்லை என்றே எழுதுவர்.