'மூன்' படமும் நெய்வேலிக் கணக்கும்

டங்கன் ஜோன்ஸ் இயக்கி 2009ல் வந்த 'மூன்' படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை பக்கத்தில் மாமா இருந்தார். விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் பட்டறை வைத்திருப்பவர். மண்ணோடு நாற்பது வருஷப் பழக்கம். படத்தின் முடிச்சைக் கீழே உடைக்கிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நிலவின் மறுபக்கத்தில் ஒரு சுரங்கம். மூன்று வருட ஒப்பந்தத்தில் சாம் பெல் என்ற ஒரே ஒரு ஆள், துணைக்கு கெர்ட்டி என்கிற கணினி. ராட்சத வண்டிகள் மண்ணை வாரிக்கொண்டே நகரும். சாம் போய் அதிலிருந்து ஹீலியம்-3 நிரம்பிய உருளைகளைக் கழற்றி வந்து பூமிக்கு அனுப்புவார். பூமியின் மின்சாரத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

பாதிப் படத்தில் மாமா கேட்டார்: "அள்ளுறது தெரியுது மாப்ள. எவ்ளோ அள்ளினா எவ்ளோ கிடைக்கும்? அதைச் சொல்லவே இல்லையே?"

நியாயமான கேள்வி. படம் முடிந்ததும் கணக்குப் போட்டேன்.

ஹீலியம்-3 சூரியக் காற்றில் வந்து நிலவு மண்ணில் ஒட்டிக்கொண்ட வாயு. அப்பல்லோ விண்கலங்கள் கொண்டுவந்த மண்ணில் அது 100 கோடி பங்குக்குச் சில பங்கு என்ற அளவில்தான் இருந்தது. தாராளமாக 10 பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் 1 கிலோ ஹீலியம்-3 எடுக்க 1 லட்சம் டன் மண்ணை அள்ளி, சுமார் 700 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். (மாமாவுக்கு 700 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் லட்சம் டன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.) வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால் சூடாக்க மட்டும் ஏறத்தாழ 2 கோடி யூனிட் செலவு. அந்த 1 கிலோவை டியூட்டீரியத்தோடு இணைத்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 16 கோடி யூனிட். ஆக, கணக்கு நஷ்டத்தில் போகவில்லை. அதை எரித்து மின்சாரம் தரும் இணைவு உலை இன்றைக்கு எங்கேயும் இல்லை என்பது தனி விஷயம்.

இதையே ஒரு கிலோ மண்ணுக்கு மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு கிலோ நிலவு மண்ணில் 1.6 யூனிட். ஒரு கிலோ நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் சுமார் 3 யூனிட் வெப்பம் இருக்கிறது! நிலக்கரியிலேயே மட்டமானது என்று நாம் சொல்லும் நம்ம ஊர்ச் சரக்கில் பாதிதான் நிலவு மண் தேறும். நெய்வேலியில் 1 டன் எடுக்க 5 கன மீட்டருக்கும் மேல் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அதையும் சேர்த்தால் நிலவு பல மடங்கு முந்தும். ஆனாலும் பள்ளத்தின் அளவு நெய்வேலி ரகம்தான்.

படத்தின் மீது என் விமர்சனம் இங்கேதான். தொடக்கத்தில் வரும் விளம்பரம் 'சுத்தமான ஆற்றல்' என்கிறது. படம் அந்தக் கம்பெனியைக் கடைசியில் தோலுரிக்கிறது, ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. உருளையைக் காட்டுகிறார்கள், பள்ளத்தைக் காட்டவில்லை. நல்லூரிலிருந்து விருத்தாசலம் தாண்டிப் போனால் நெய்வேலி. சுரங்கம் என்றால் அகலம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் ஆள் விஷயத்தில் படம் அசத்திவிட்டது. சாம் ஒரு நகல். மூன்று வருஷத்தில் உடம்பு கெட்டுவிடும், ஒருத்தன் முடிந்ததும் அடுத்தவன் எழுப்பப்படுவான். ஊருக்கு அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் ஒவ்வொருவனையும் முடிக்கிறார்கள். இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் செலவைக் குறைக்கக் கடைசியில் கை வைப்பது மனிதன் மீதுதான். இதைச் சொல்ல ஒரு வில்லனைக்கூடப் படம் கத்தவிடவில்லை. இதற்காகவே நாலாவது தடவையும் பார்ப்பேன்.

"சரி, அந்த மண்ணுல பொம்மை செய்யலாமா?" இது மாமாவின் அடுத்த கேள்வி. பதில் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளின் அனார்தோசைட் பாறையை அரைத்துத்தான் செயற்கை நிலவு மண் செய்தது. நிலவின் மேட்டு நிலங்களும் இதே வகைப் பாறை. மாமா கலவையில் சேர்க்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கு இந்தப் பாறையின் முக்கியக் கனிமம் பங்காளி முறை. ஆனால் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறத் தண்ணீர் வேண்டும், காலமும் வேண்டும். நிலவில் காலம் மட்டும் இருந்தது. அதனால் அங்கே களிமண் இல்லை, பிசைந்து உருட்ட முடியாது. 2020ல் பெங்களூரு ஐஐஎஸ்சி இஸ்ரோவோடு சேர்ந்து செயற்கை நிலவு மண்ணில் பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதைப் பசை சேர்த்துச் செங்கல் மாதிரி ஒன்று செய்து காட்டியது.

எனக்கு இந்த வழிதான் உருப்படியாகப் படுகிறது. அங்கே உள்ள மண் அங்கே வீடு கட்ட. படத்தில் சாமின் தளத்தில் நிலவு மண்ணால் ஆன பொருள் எதுவும் என் கண்ணில் படவில்லை. எல்லாம் பூமிக்கு ஏற்றுமதி. எங்கிருந்தோ தோண்டி எங்கோ அனுப்பும் கதை நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. இடம் மட்டும்தான் புதுசு.

மாமாவின் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன்: "படம் நல்லாருக்கு. ஆனா அந்த முதலாளி மேல எனக்கு நம்பிக்கை இல்ல."