மணிக்கட்டில் ஒரு வாத்தியார்

நாவல்களையும் சிறுகதைகளையும் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிறவன் கைக்கடிகாரத்தை ஏன் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். இன்றைய ஓட்டக்காரர்கள் கட்டிக்கொள்கிற கடிகாரம் மணி காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. ஓடி முடித்த நிமிஷமே, எந்த வழியாக, எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் ஓடினோம், இருதயம் எப்போது எத்தனை தடவை துடித்தது என்று ஒரு கதையை எழுதி நீட்டிவிடுகிறது. போதாததற்கு, நாளைக்கு ஓடலாமா, ஓய்வு எடுக்க வேண்டுமா என்று தீர்ப்பும் வழங்குகிறது. கதையும் சொல்லி, தீர்ப்பும் சொல்கிற எதுவானாலும் அதை விசாரிக்க நமக்கு உரிமை உண்டு.

இதன் வம்சாவளியைப் பின்லாந்திலிருந்து சொல்லத் தொடங்கலாம். அந்த நாட்டு ஓட்டக்காரர் பாவோ நூர்மி, 1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் 9 தங்கப் பதக்கங்கள் பெற்றவர். கையில் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டே ஓடுவது அவர் வழக்கம். பக்கத்தில் வருகிறவனைக் காட்டிலும் முள்ளைத்தான் அதிகம் கவனிப்பார். 1924-ல் பாரிஸில் 1500 மீட்டரை ஜயித்து, அதே நாளில் 5000 மீட்டரையும் ஜயித்தார். பந்தயம் முடிகிற தறுவாயில் கடிகாரத்தைப் புல்தரையில் வீசிவிட்டு ஓடுவார் என்பது ஓட்ட உலகில் பிரசித்தம்.

அதே பின்லாந்தில் 1977-ல் தோன்றிய போலார் என்ற கம்பெனி, மார்பில் கட்டிய பட்டையிலிருந்து கம்பியில்லாமலே இருதயத் துடிப்பை மணிக்கட்டில் காட்டும் கருவியை 1982-ல் கொண்டுவந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் பொதுஜனங்களுக்கு அனுப்பும் சமிக்ஞையில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது; 2000 மே மாதத்தில் அதை நீக்கிற்று. 2003-ல் கார்மின் கம்பெனியின் ஃபோர்ரன்னர் கடிகாரம் அந்த ஜி.பி.எஸ்.ஸை ஓட்டக்காரன் கையில் கட்டிவிட்டது. நூர்மிக்கு ஒரு முள்தான் இருந்தது. இவனுக்கு இருதயமும் ஆகாயமும் சேர்ந்து கணக்குச் சொல்கின்றன.

இதன் உபகாரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதிதாக ஓட ஆரம்பிக்கிறவன் தினந்தோறும் மூச்சு முட்டுகிற வேகத்தில் ஓடி, மூன்றாம் வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். பெரும்பாலான நாட்களில், கூட வருகிறவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் வேண்டும். ஆனால் மெதுவாக ஓடக் கௌரவம் இடம் கொடுப்பதில்லை. கடிகாரம் துடிப்பைக் காட்டி அந்தக் கௌரவத்தை அடக்குகிறது.

உடம்பு ஒருநாளும் பொய் சொல்லாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் முதன்முதலாக ஒரு மைலை 4 நிமிஷத்துக்குள் ஓடினார். ஆரம்பத்தில் வேகம் போதவில்லை என்று தோன்றி, முன்னால் ஓடிய பிராஷரைப் பார்த்து, இன்னும் வேகமாக என்று கத்தினார். பிராஷர் காதில் போட்டுக்கொள்ளாமல் தம் போக்கிலேயே ஓடினார். முதல் சுற்று 57.5 விநாடியில் முடிந்திருந்தது. போதுமான வேகம்தான். அன்றைய பதற்றத்தில் பானிஸ்டரின் உடம்பு அவருக்கே தவறான சேதி சொல்லியிருக்கிறது.

ஆனால் கடிகாரமும் சத்திய சந்தன் அல்ல. மணிக்கட்டின் அடியில் பச்சை விளக்கைப் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதால் திரும்பி வரும் வெளிச்சம் மாறுவதை வைத்துத்தான் அது துடிப்பை எண்ணுகிறது. குளிரில் தோலில் ரத்தம் குறைந்தால் தடுமாறும். சில சமயம் காலடிகளின் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடும். மார்புப் பட்டை இருதயத்தின் மின்சாரத்தையே அளப்பதால் அதற்கு இந்தக் குழப்பம் குறைவு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே கோள்களின் சமிக்ஞை சுவரில் மோதித் திரும்புவதால், சாலையில் ஓடியவனை மாடிக்குள் புகுந்து ஓடியதாகப் படம் போடும்.

இதைவிடப் பெரிய விஷயம், எண்ணுக்கு அது கற்பிக்கிற அர்த்தம். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஒரு வாய்பாடு பலகாலமாகப் புழங்குகிறது. 1971-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர், அதுவரை வெளியாகியிருந்த அளவுகளைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு அது. 45 வயதுக்காரருக்கு 175 என்று வரும். அசலில் ஒருவருக்கு 163 இருக்கலாம், இன்னொருவருக்கு 187 இருக்கலாம். இந்த வாய்பாட்டை நம்பி வகுத்த பயிற்சி இருவரில் ஒருவரைச் சோம்பேறியாக்கும், மற்றவரை வதைக்கும்.

யாப்பு படிக்கிறவன் முதலில் விரலை மடக்கி அசையையும் சீரையும் எண்ணுகிறான். எண்ணாமல் காது பழகாது. ஆனால் ஐம்பது வயதிலும் விரல் மடக்கிக்கொண்டிருக்கிறவனைக் கவி என்று யாரும் சொல்வதில்லை. காது தேறியதும் விரல் தானாக ஓய்ந்துவிட வேண்டும். கடிகாரத்தின் மீது என் குறை இதுதான். மாணாக்கன் தேறிவிட்டான், இனி என்னைப் பார்க்காமல் ஓடலாம் என்று அது ஒருநாளும் சொல்வதில்லை. பதக்கப் படங்களையும் மதிப்பெண்களையும் காட்டிப் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்த்தி வைக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவன்கூட, நேற்றுத் தூக்கம் சரியில்லை என்று அதில் படித்ததும் சோர்ந்துபோகிறான்.

ஸ்வீடன் நாட்டு மனோதத்துவ நிபுணர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. சிரமத்தை 6 முதல் 20 வரை நாமே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய துடிப்பு வரும்படி அமைத்திருக்கிறார். கடிகாரம் வைத்திருப்பவர்கள் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். எண்ணைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மதிப்பைச் சொல்லிக்கொள்ளுங்கள், பிறகு பாருங்கள். மாதக்கணக்கில் இரண்டும் நெருங்கி வந்தால் கடிகாரம் நல்ல வாத்தியார். நெருங்கவே இல்லையானால், கடிகாரத்தில்தான் எங்கோ பிசகு இருக்க வேண்டும், இல்லை, ஓடுகிறபோது நம் கவனம் நம்மிடம் இல்லாமல் இருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க, வாரத்தில் ஒருநாள் அதை வீட்டில் வைத்துவிட்டு ஓடிப் பார்த்தால் போதும்.