தாலியும் சாவிக்கொத்தும்

நம் சங்க மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். கல்லாவில் உட்கார்ந்தபடி, வாடிக்கை ஓய்ந்த மத்தியான வேளைகளில் படித்தவன். ஆகவே கதைகளையும் வியாபாரிக் கண்ணோடுதான் பார்ப்பேன். குற்றமிருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

எடுத்துக்கொண்ட பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் எழுந்த கதைகளில் பெண்ணும் திருமணமும்.

டாங்க் பண்ட் பக்கம் மாலையில் நடக்கப் போகிறவர்கள் கந்துகூரி வீரேசலிங்கம் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1881 டிசம்பர் 11 அன்று ராஜமுந்திரியில் ஒரு விதவைக்கு மறுமணம் நடத்தி வைத்து, ஆந்திர நாட்டில் அதற்கு வழி திறந்தவர். விதவை மறுமணச் சட்டம் வந்ததோ 1856-இல். சட்டம் வந்து 25 வருஷம் கழித்துத்தான் அந்தப் பந்தல் எழுந்தது! சட்டம் வந்தாலும் வீட்டு வாசலுக்கு வெளியேதான் நின்றது. அதை உள்ளே அழைத்து வரும் வேலையைக் கதைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் முதலில் நினைவுக்கு வருவது 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. எழுதியவர் முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கதாநாயகி ஞானாம்பாள் விக்கிரமபுரியில் அரசாட்சியே செய்கிறாள், கணவனைவிட நன்றாக. ஆனால் எந்த உடையில்? ஆண் வேஷத்தில். புடவையோடு அவளைச் சிம்மாசனத்தில் உட்கார வைக்க அந்தப் பெரிய மனசுக்காரருக்கும் வழி தெரியவில்லை. பழைய காப்பியங்களிலாவது கவுந்தியடிகளைப் போலத் துறவு என்று ஒரு வாசல் பெண்ணுக்கு இருந்தது. இங்கே அதுவும் அடைத்துப் போய், வேஷம் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்து அ. மாதவையா. 1892-இல், இருபது வயதில், ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்று ஒரு கதை தொடங்கினார். பாதியில் நின்றுபோன அந்தக் கதைதான் 1903-இல் ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் நூலாக வந்தது. சின்ன நூல்தான். சிறு வயதில் கல்யாணம், புகுந்த வீட்டில் படும் பாடு, கைம்மை, கடைசியில் சிறு வயதுத் தோழன் சுந்தரேசனோடு மறுமணம். அவள் கதையை அவளே சொல்வதாக எழுதியிருப்பதுதான் விசேஷம். எழுதிய கை ஆணுடையது, பேசுகிற வாய் பெண்ணுடையது. அந்தக் காலத்துக்கு அது சாதாரணத் துணிச்சல் இல்லை.

இந்தக் கதையை வந்தவாசிப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்த என் அத்தைக்கு ஒரு முறை படித்துக் காட்டினேன். அத்தை பத்தொன்பது வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். வட்டிக் கணக்கை வாயாலேயே போடுவார். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் கையில் இருந்தது சரக்கறைச் சாவி மட்டுமே. பெட்டிச் சாவி ஒருநாளும் இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். மறுமணத்தில் கதை முடிந்தது. நான் அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இது:

“அது சரிடா, அந்தப் பையன் வரலன்னா இவளுக்கு யாரு சோறு போட்டிருப்பாங்க?”

எந்த விமரிசகரும் கேட்டு நான் படிக்காத கேள்வி. 1856 சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மறுமணம் செல்லும் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பிரிவிலேயே, மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் அவளுக்குள்ள பாத்தியம் போய்விடும் என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கணக்கு. முத்துமீனாட்சிக்கு இரண்டாவது தாலி கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை.

இதே காலத்தில், 1894-இல், அமெரிக்காவில் கேட் சோப்பின் என்ற அம்மையார் ‘ஒரு மணி நேரத்தின் கதை’ என்று ஒரு சிறுகதை எழுதினார். நாலு பக்கம்கூட வராது. இருதய நோயுள்ள ஒரு பெண்ணுக்குக் கணவன் ரயில் விபத்தில் இறந்ததாகச் செய்தி வருகிறது. அழுதுவிட்டு, அறையில் தனியே உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறாள். இனி என் வாழ்வு எனக்கே என்று மனசுக்குள் ஒரு மகிழ்ச்சி எழுகிறது. கணவன் கொடுமைக்காரன் அல்லன், அன்பானவன்தான். சற்று நேரத்தில் அவன் உயிரோடு வாசலில் வந்து நிற்க, இவள் விழுந்து இறக்கிறாள். சந்தோஷத்தில் இறந்தாள் என்கிறார்கள் வைத்தியர்கள்.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நம் ஊரில் கணவன் செத்தால் பெண்ணுக்குச் சிறை. அங்கே மட்டும் எப்படி விடுதலை? பிறகு அவர் வாழ்க்கையைப் படித்தேன். 1882-இல் கணவர் கடனோடு இறந்துபோக, ஆறு குழந்தைகளை வைத்துக்கொண்டு லூசியானாவில் கணவரின் கடையையும் நிலத்தையும் ஒரு வருஷத்துக்கு மேல் தானே நடத்தியிருக்கிறார்! கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவள் எழுதிய கதை அது. இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசம் கிழக்கு மேற்கு அல்ல. சாவி யார் கையில் என்பதுதான்.

மாதவையாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கைம்பெண் தன் சம்பாத்தியத்தில் வாழலாம் என்று காட்டுவதற்கு அவர் கண்முன் உதாரணம் மிகக் குறைவு. சிறுமியாக இருந்தபோதே விதவையான சகோதரி சுப்புலட்சுமி பி.ஏ. தேறியது 1911-இல். அதன் பிறகுதான் சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்து, அவர்களை ஆசிரியைகளாக்கி, சம்பளம் வாங்க வைத்தார். அத்தையின் கேள்விக்கு விடை சொன்னவர் அவர்.

இன்று சட்டம் மாறியாச்சு. 1956 வாரிசுரிமைச் சட்டம் சமணர்களான எங்களுக்கும் சேர்த்தே வந்தது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று ஆந்திரம் 1986-லும், தமிழ்நாடு 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சட்டம் செய்தார்கள். ஆனால் நம் கடைகளைப் பாருங்கள். போர்டில் மனைவி பெயர், வரிப் பதிவில் மனைவி பெயர். கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை சரி. ஞானாம்பாளுக்கு ஆண் வேஷம். நம் வீட்டுப் பெண்களுக்கு முதலாளி வேஷம்.

என் கடையும் அப்படித்தான் இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. பேரேட்டையும் சாவிக்கொத்தையும் மனைவி கையில் கொடுத்தேன். இரண்டு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பாக்கி ஏன் மூணு வருஷமா வசூலாகாம நிக்குது?” என்று கேட்டாள்.

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.